விற்கும்போது வரவேற்பு, பழுதானால் பாராமுகம்

புதுதில்லி: இருபது கணினிகள் வேண்டும் என்று ஒரு வணிக நிறுவனம் தொலைபேசியில் கேட்டால், அன்று மாலைக்குள் விற்பனைப் பிரதிநிதி அலுவலக வாசலில் வந்து நிற்கிறார். அதே நிறுவனம், சென்ற ஆண்டு வாங்கிய கணினி பழுதாகிவிட்டது என்று தெரிவித்தால் நிலைமை தலைகீழாகிறது. முதலில் பதிவு செய்யப்பட்ட குரல் பேசுகிறது. பிறகு கருவியின் வரிசை எண், வாங்கிய நாள், பில்லின் நகல் ஆகியவை கேட்கப்படுகின்றன. ஒரு புகார் எண் தரப்படுகிறது. மறுநாள் வேறொருவர் அதே கேள்விகளை முதலிலிருந்து கேட்கிறார். இறுதியில், "உதிரி பாகம் கையிருப்பில் இல்லை" என்ற பதில் கிடைக்கிறது. இதற்கிடையில் அதே நிறுவனத்தின் விற்பனைப் பிரிவிலிருந்து, புதிய மாடல் வந்திருப்பதாக அழைப்பும் வந்துவிடுகிறது.

மறுநாளே பொறியாளர் நேரில் வருவார் என்ற உறுதிமொழிக்காகக் கூடுதல் கட்டணம் செலுத்தியவர்களும் இந்த அனுபவத்துக்கு விலக்கல்ல. பொறியாளர் வந்துவிடுகிறார், மதர்போர்டு வருவதில்லை. ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்தால், பதில் அளிப்பதற்கான கால அளவு மட்டுமே அதில் இருக்கிறது. பழுதை நீக்கி முடிப்பதற்கான கால அளவு இல்லை. உதிரி பாகம் கிடைப்பதைப் பொறுத்து என்ற வரி, கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கிறது. நிறுவனத்தின் கதவைத் தட்டிச் சலித்தவர்கள் தில்லி நேரு பிளேஸின் குறுகிய கடைகளில் பழைய கணினியிலிருந்து கழற்றிய பாகத்தைத் தேடி அலைவது இதன் விளைவுதான்.

வீட்டுக் கணினி பழுதானால் அது தொந்தரவு. அலுவலகக் கணினி பழுதானால் அது இழப்பு. சரக்கு மற்றும் சேவை வரி 2017 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பிறகு இந்த வேறுபாடு மேலும் கூர்மையாகிவிட்டது. மாதாந்திரக் கணக்கைக் காலம் கடந்து தாக்கல் செய்தால், வரி செலுத்த வேண்டியவர்களுக்கு நாளொன்றுக்கு ரூ.50 தாமதக் கட்டணம். ஆண்டு விற்றுமுதல் ரூ.5 கோடியைத் தாண்டிய நிறுவனங்கள், பிற நிறுவனங்களுக்கு விற்கும் சரக்குக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் மின்னணு விலைப்பட்டியல் உருவாக்கியாக வேண்டும். ரூ.50 ஆயிரத்துக்கு மேற்பட்ட சரக்கு பொதுவாக இ-வே பில் இல்லாமல் சாலையில் செல்ல முடியாது. அலுவலகத்தில் இருக்கும் ஒரே சர்வர் நின்றுபோனால், லாரி கிடங்கிலேயே நிற்கும். கணினி பழுது என்பதற்காக வரித்துறை காத்திருப்பதில்லை. கணினித் தயாரிப்பாளர் மட்டும் வாடிக்கையாளரைக் காத்திருக்க வைக்கலாம்.

நுகர்வோர் அல்லாத வாடிக்கையாளர்

இந்தப் பாராமுகத்துக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது என்பதுதான் கவலைக்குரியது. 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குவோரை "நுகர்வோர்" என்ற வரையறையிலிருந்து விலக்கியது. சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவோர் இதனால் பாதிக்கப்படுவதை உணர்ந்து, 1993-இல் அவர்களுக்கு மட்டும் விளக்கம் ஒன்று சேர்க்கப்பட்டது.

அந்த விளக்கத்தின் எல்லையை உச்ச நீதிமன்றம் 1995-இல் வரையறுத்தது. கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடமிருந்து வாங்கிய இயந்திரம் தொடர்பாக லட்சுமி என்ஜினீயரிங் ஒர்க்ஸ் தொடுத்த வழக்கு அது. தட்டச்சுப் பொறியை வாங்கித் தானே தட்டச்சு செய்து பிழைப்பவர் நுகர்வோர். ஓரிருவரை உதவிக்கு வைத்துக் கொண்டாலும் அவர் நுகர்வோர்தான். ஆனால், பெரிய அளவில் லாபம் ஈட்டும் நோக்கில் இயந்திரம் வாங்கிய நிறுவனம் நுகர்வோர் ஆகாது என்று நீதிமன்றம் கூறியது.

அப்போதும் ஒரு வழி திறந்திருந்தது. பொருள் வாங்கியது வணிக நோக்கத்துக்காக இருக்கலாம். ஆனால், உத்தரவாதக் காலத்தில் கிடைக்க வேண்டிய சேவையில் குறை இருந்தால் அதைத் தனியே புகாராக எழுப்ப முடிந்தது. 2002-இல் நிறைவேறி 2003 மார்ச் 15-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், வணிக நோக்கத்துக்காகப் பெறும் சேவையையும் விலக்கிப் பட்டியலில் சேர்த்தது. அந்த வழியும் அடைபட்டது.

புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் வந்தபோது இதைச் சரிசெய்ய வாய்ப்பு கிடைத்தது. மக்களவை அதை ஜூலை 30-இலும், மாநிலங்களவை ஆகஸ்ட் 6-இலும் நிறைவேற்றின. மாநிலங்களவை அதை நிறைவேற்றிய நாளில் நாட்டின் கவனம் ஜம்மு-காஷ்மீர் மசோதாவின் மீது குவிந்திருந்தது. பொருள் பொறுப்பு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இணைய வர்த்தகம் எனப் பல புதிய அம்சங்கள் அந்தச் சட்டத்தில் இடம்பெற்றன. ஆனால், வணிக நோக்கம் பற்றிய பழைய விலக்கு ஏறக்குறைய அப்படியே தொடர்ந்தது.

நீதிமன்றங்களும் சட்டத்தின் சொற்களைத் தாண்டிச் செல்ல இயலாது. வாங்கிய பொருளுக்கோ சேவைக்கோ லாபம் ஈட்டும் பணியோடு நேரடித் தொடர்பு உண்டா என்பதையே அவை பார்க்கின்றன. காப்பீடு தொடர்பான ஒரு வழக்கில் 2023 ஏப்ரலில், வணிக நிறுவனம் என்பதாலேயே புகாரைத் தள்ளிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது நம்பிக்கை அளித்தது. ஆனால், ஏற்றுமதி, இறக்குமதி ஆவணப் பணிக்காக ஒரு நிறுவனம் வாங்கிய மென்பொருள் தொடர்பான வழக்கில் 2025 நவம்பரில், அது வணிக நோக்கத்துக்கான கொள்முதல் என்பதால் வாங்கிய நிறுவனம் நுகர்வோர் ஆகாது என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அலுவலகக் கணினிக்கும் இந்த அளவுகோலே பொருந்தும் என்று தயாரிப்பாளர்கள் வாதிடுவார்கள் என்பதில் ஐயமில்லை.

எஞ்சியிருப்பது உரிமையியல் வழக்கு. வணிக நீதிமன்றங்கள் சட்டம் 2015-இல் கொண்டுவரப்பட்டது. வழக்கின் குறைந்தபட்ச மதிப்பு 2018-இல் ரூ.1 கோடியிலிருந்து ரூ.3 லட்சமாகக் குறைக்கப்பட்டது. மூன்று லட்சத்துக்குக் குறைவான பிரச்னை என்றால் அந்தக் கதவும் இல்லை. நாற்பதாயிரம் ரூபாய்க் கணினிக்காகச் சாதாரண உரிமையியல் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க எந்த வணிகரும் முன்வர மாட்டார். இது தயாரிப்பாளருக்கும் தெரியும்.

விற்பவராக வலியவர், வாங்குபவராக எளியவர்

சிறு நிறுவனம் பெரிய நிறுவனத்துக்கு எதிரே வலுவற்றது என்பதை நாடாளுமன்றம் உணராமல் இல்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் அந்த உணர்வின் அடிப்படையில்தான் பிறந்தது. குறு, சிறு நிறுவனம் ஒன்று சரக்கு விற்றால், வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் கூட்டு வட்டி. முறையிட மாநிலந்தோறும் வசதிப்படுத்தும் குழு. காலத்தில் தராத தொகையை வருமான வரிக் கணக்கில் அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது என்ற விதியும் 2024 ஏப்ரல் முதல் வந்திருக்கிறது.

ஆனால், அதே சிறு நிறுவனம் பெரிய நிறுவனத்திடமிருந்து பொருளை வாங்கினால், அது பேரம் பேசும் வல்லமை உடைய வணிகராக ஒரே இரவில் மாறிவிடுவதாகச் சட்டம் கருதுகிறது. பத்துக் கணினி வாங்கும் அச்சகமோ, பட்டயக் கணக்காளர் அலுவலகமோ, பன்னாட்டுத் தயாரிப்பாளரின் ஒப்பந்தத்தில் ஒரு வரியையாவது மாற்ற முடியுமா? அச்சிட்ட படிவத்தில் கையெழுத்திடுவதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை. ஒரே நிறுவனத்தை விற்பவராக இருக்கும்போது எளியவர் என்றும், வாங்குபவராக இருக்கும்போது வலியவர் என்றும் இரு சட்டங்கள் கூறுவது முரண்பாடு.

1978 தரும் பாடம்

இந்தியாவுக்கு இந்தப் பிரச்னை புதிதல்ல. கணினிகள் வாடகைக்குக் கிடைத்த காலத்திலேயே இது எழுந்தது. வெளிநாடுகளில் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்ட பழைய இயந்திரங்களைச் செப்பனிட்டு இங்கே வாடகைக்கு விடுவதாக ஐ.பி.எம். மீது விமர்சனம் எழுந்தது. 1970-களின் நடுப்பகுதியில் நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு, அரசுத் துறைகளின் கணினிமயமாக்கத்தை ஆராய்ந்தபோது இந்த நடைமுறையைக் கடுமையாகச் சாடியது.

அன்னியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், 1973-இன்படி அன்னியப் பங்கைக் குறைக்க ஐ.பி.எம். மறுத்தது. மொரார்ஜி தேசாய் அரசில் ஜார்ஜ் பெர்னாண்டஸ் தொழில் துறை அமைச்சராக இருந்தபோது, 1978-இல் அது நாட்டைவிட்டு வெளியேறியது. அரசுத் துறைகள், பொதுத் துறை நிறுவனங்கள், ஆலைகள் ஆகியவற்றில் நிறுவப்பட்டிருந்த இயந்திரங்களை யார் பராமரிப்பது என்ற கேள்வி எழுந்தது. 1975-இல் தொடங்கப்பட்டிருந்த பொதுத் துறை நிறுவனமான சி.எம்.சி. அந்தப் பொறுப்பை ஏற்றது. அதன் முழுப் பெயரே கணினிப் பராமரிப்புக் கழகம் என்பதாகும். இந்தியப் பொறியாளர்கள் அந்த இயந்திரங்களைத் தொடர்ந்து இயக்கிக் காட்டினர். பின்னர் 1980-களில் தில்லியில் ரயில்வே முன்பதிவைக் கணினிமயமாக்கியதும் அதே நிறுவனம்தான். 2001-இல் அதன் பெரும்பான்மைப் பங்கு டாடா குழுமத்துக்கு விற்கப்பட்டது, 2015-இல் டி.சி.எஸ்.ஸுடன் அது இணைந்துவிட்டது.

கருவியைத் தயாரித்தவரைத் தவிர வேறு எவராலும் அதைப் பராமரிக்க முடியாது என்ற வாதத்தை அந்த வரலாறு பொய்யாக்கியது. பராமரிப்பும் தற்சார்பின் ஒரு பகுதி என்று அன்றைய அரசு எண்ணியது. இன்று தற்சார்பு என்ற சொல் உற்பத்தியோடு நின்றுவிடுகிறது.

உலக அனுபவம்

பெரிய வாடிக்கையாளர்கள் ஒன்றுசேர்ந்து குரல் கொடுத்தால் தயாரிப்பாளர்கள் இறங்கி வருகிறார்கள் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்க வணிக வாடிக்கையாளர்களின் அதிருப்தியை அடுத்து, 2003 நவம்பரில் டெல் நிறுவனம், ஆப்டிபிளெக்ஸ், லாட்டிட்யூட் கணினிகளுக்கான தொழில்நுட்ப உதவி அழைப்புகளைப் பெங்களூருக்கு அனுப்புவதை நிறுத்தி, அமெரிக்காவுக்கே திருப்பியது. அதே நிறுவனம் 2003 முதல் 2005 வரை விற்ற கணினிகளில் பழுதான மின்தேக்கிகள் இருந்தன. அவற்றைச் சரிசெய்ய 2005-இல் 30 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. பாதிக்கப்படக்கூடிய நிலையில் இருந்த கணினிகள் ஒரு கோடிக்கும் மேல் என்பது, 2010-இல் நீதிமன்ற ஆவணங்கள் வெளியானபோதுதான் உலகுக்குத் தெரிந்தது.

ஹெச்.பி. நிறுவனம் 2014 பிப்ரவரியில் வேறொரு முடிவை எடுத்தது. ஃபர்ம்வேர் எனப்படும், கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளின் புதிய பதிப்புகள், உத்தரவாதமோ பராமரிப்பு ஒப்பந்தமோ நடப்பில் உள்ள சர்வர்களுக்கு மட்டுமே கிடைக்கும் என்று அறிவித்தது. விலை கொடுத்து வாங்கிய கருவியின் குறையைத் திருத்தவும் தொடர்ந்து சந்தா கட்ட வேண்டுமா என்று வாடிக்கையாளர்கள் கேட்டனர்.

அந்தக் கேள்விக்கு ஐரோப்பிய ஒன்றியம் சட்டத்தின் மூலம் விடை அளித்தது. சர்வர்களுக்கான 2019-ஆம் ஆண்டின் விதிமுறையின்படி, ஒரு மாடலின் கடைசிக் கருவி சந்தைக்கு வந்த பிறகும் குறைந்தது எட்டு ஆண்டுகளுக்கு ஃபர்ம்வேர் கிடைக்க வேண்டும். அதன் பாதுகாப்புத் திருத்தங்களுக்குக் கட்டணம் வசூலிக்கக் கூடாது. வாங்கியவர் வணிகரா, வீட்டுக்காரரா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. கடமை கருவியின் மீது சுமத்தப்பட்டிருக்கிறது.

இந்தியாவிலும் முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. உதிரி பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளிப் பணிமனைகளுக்குத் தராமல் தடுத்ததாக, 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் ரூ.2,544.65 கோடி அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன என்றாலும், உதிரி பாகத்தைப் பூட்டி வைப்பது சந்தையைச் சிதைக்கும் செயல் என்ற கருத்து அதில் நிலைநாட்டப்பட்டது. கணினிக்கு அந்தக் கருத்து இன்னும் வந்து சேரவில்லை.

நிறுவனங்களின் வாதம்

தயாரிப்பாளர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. கணினி விற்பனையில் லாப விகிதம் மிகக் குறைவு. குறைந்த விலைப்புள்ளி தருபவருக்கே ஆர்டர் என்று வாங்குபவர்களும் பிடிவாதம் பிடிக்கிறார்கள். மூன்றாண்டு நேரடிச் சேவையைச் சேர்த்து விலை கூறினால், அதை நீக்கிவிட்டு விலையைக் குறைக்கச் சொல்கிறார்கள். மின்னழுத்த ஏற்ற இறக்கம், தூசு, போலி உதிரி பாகம் ஆகியவற்றால் ஏற்படும் பழுதும் தயாரிப்பாளரின் தலையில் கட்டப்படுகிறது. ஆண்டுக்கு ஒரு மாடல் மாறும் தொழிலில், எல்லா மாடலுக்கும் எல்லா ஊரிலும் பாகம் வைத்திருப்பது பெரும் செலவு.

இவற்றில் உண்மை இருக்கிறது. எனினும், கூடுதல் கட்டணம் செலுத்தி நேரடிச் சேவை பெற ஒப்பந்தம் செய்தவருக்கும் பாகம் கிடைக்காதபோது இந்த வாதம் வலுவிழக்கிறது. விற்கவே இயலாத சேவையை விற்பது வணிக நெருக்கடி ஆகாது. அது வாக்கு மீறல். மாடலை ஆண்டுதோறும் மாற்றும் முடிவும் வாடிக்கையாளருடையது அல்ல.

பழைய கணினியை வைத்திருப்போர் மீதான நெருக்குதல் அண்மையில் கூடியிருக்கிறது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. நிறுவனங்கள் தொடர்ந்து பாதுகாப்புத் திருத்தம் பெற, முதலாண்டுக்குக் கணினி ஒன்றுக்கு 61 டாலர் என்று மைக்ரோசாஃப்ட் விலை நிர்ணயித்தது. ஆண்டுதோறும் அது இருமடங்காகும். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், பல பழைய கணினிகளின் புராசசர் அதற்கு ஏற்றதல்ல. நன்றாக ஓடும் கணினியை ஒதுக்கிவிட்டுப் புதியது வாங்க வேண்டிய கட்டாயம் சிறு அலுவலகங்களுக்கு ஏற்படுகிறது.

ஹார்டு டிஸ்க் மாற்றும்போது எழும் சிக்கல் இன்னொன்று. உத்தரவாதத்தில் புதிய டிஸ்க் பெற வேண்டுமானால் பழையதைத் திருப்பித் தர வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. பழையதை வைத்துக் கொள்ளத் தனிக் கட்டணம் உண்டு. அதில் வாடிக்கையாளர்களின் கணக்கும் அடையாள விவரமும் இருக்கும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டு, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுள்ளன. தரவைப் பாதுகாக்கத் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க அதில் இடம் இருக்கிறது. பொறுப்பு கணினி உரிமையாளருக்கு. டிஸ்க் தயாரிப்பாளரின் கிடங்குக்கு.

அரசின் கையில் உள்ள சாவி

தயாரிப்பாளர்களிடம் கேட்கும் உரிமை அரசுக்கு இருக்கிறது. மடிக்கணினி, சர்வர் முதலியவற்றை உள்நாட்டில் உற்பத்தி செய்வோருக்கு ரூ.17,000 கோடி ஊக்கத்தொகை வழங்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2023 மே மாதம் ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மடிக்கணினி இறக்குமதிக்கு உரிமம் கட்டாயம் என்று அறிவித்து, பின்னர் நவம்பர் முதல் அனுமதி முறையாக அதைத் தளர்த்தியது. எங்கே தயாரிக்க வேண்டும், எவ்வளவு இறக்குமதி செய்யலாம் என்று நிபந்தனை விதிக்க முடிந்த அரசால், விற்ற கருவிக்கு எத்தனை ஆண்டு உதிரி பாகம் தர வேண்டும் என்று கேட்க முடியாதா?

தொடக்கம் நிகழ்ந்திருக்கிறது என்பதை மறுக்க இயலாது. பழுதுபார்க்கும் உரிமை குறித்து 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை குழு அமைத்தது; அவ்வாண்டு டிசம்பரில் இணையதளமும் தொடங்கப்பட்டது. பழுதுபார்ப்புக் குறியீடு பற்றி 2024-இல் அமைக்கப்பட்ட மற்றொரு குழு, 2025-இல் அறிக்கை அளித்தது. ஆனால், அதன் முதல் கட்டக் கவனம் ஸ்மார்ட்போன், டேப்லெட் ஆகியவற்றின் மீதே இருக்கிறது. அலுவலகக் கணினியும் சர்வரும் அச்சுப்பொறியும் வரிசையில் பின்னால் நிற்கின்றன.

செய்ய வேண்டியவை தெளிவாகவே உள்ளன. முதலாவதாக, 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்கள், தம் பயன்பாட்டுக்காக வாங்கும் கருவிகளைப் பொறுத்தவரை நுகர்வோராகக் கருதப்பட வேண்டும். இதற்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு விளக்கம் சேர்த்தால் போதும். 1993-இல் சுயதொழில் செய்வோருக்காக நாடாளுமன்றம் செய்தது இதுவே.

இரண்டாவதாக, ஊக்கத்தொகை பெறும் தயாரிப்பாளர்கள், மாடல் விற்பனை முடிந்த பிறகும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு உதிரி பாகமும் ஃபர்ம்வேர் பாதுகாப்புத் திருத்தமும் தர வேண்டும் என்ற நிபந்தனையை ஏற்க வேண்டும். மூன்றாவதாக, சேவை ஒப்பந்தத்தில் பழுதை நீக்கி முடிக்கும் கால அளவும், தவறினால் மாற்றுக் கருவியோ கட்டணத் திருப்பமோ தரும் உறுதியும் இடம்பெற வேண்டும். நான்காவதாக, தகவல் தொழில்நுட்பத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவும் நுகர்வோர் விவகாரங்களுக்கான நிலைக்குழுவும், தயாரிப்பாளர்களையும் சிறு தொழில் சங்கங்களையும் ஒருசேர அழைத்து விசாரிக்க வேண்டும்.

வாங்குபவர்களும் தம் பங்குக்கு விழிப்புடன் இருப்பது அவசியம். விலைப்புள்ளியை ஒப்பிடும் அதே கவனத்தோடு சேவை நிபந்தனைகளையும் ஒப்பிட வேண்டும். புகார்களை எழுத்து மூலம் பதிவு செய்ய வேண்டும். தனித்தனியே தொலைபேசியில் காத்திருப்பதைவிட, தொழில் சங்கங்கள் வாயிலாக ஒன்றுசேர்ந்து கேட்பது பலன் தரும்.

ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன் பொதுக் கணக்குக் குழுவின் உறுப்பினர்கள், பெரும்பாலோர் கணினியைக் கண்ணால் காணாத காலத்திலேயே, விற்பவரிடமும் வாடகைக்கு விடுபவரிடமும் கணக்குக் கேட்டார்கள். இன்று உறுப்பினர் ஒவ்வொருவரின் மேசையிலும் கணினி இருக்கிறது. அவரவர் தொகுதியில் புகார் எண்ணைக் கையில் வைத்துக் கொண்டு காத்திருக்கும் சிறு வணிகர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக அந்தக் கேள்வியை மீண்டும் அவையில் எழுப்ப வேண்டிய நேரம் இது.